நாற்பத்து மூன்று வெறுங் கட்டங்கள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கோப்பிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில், நான் மூவாயிரத்துச் சொச்சம் நாய்களைக் கொன்றுவிட்டேன்.

ஊரிலிருந்து வாசிப்பவர்கள் பதற வேண்டாம். ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. ஜேர்மனியில் நான் வசிக்கும் இந்தச் சின்ன நகரத்தில் நாய் வளர்ப்பவர்கள் அதை நகரசபையில் பதிய வேண்டும். நாய்க்கு ஓர் இலக்கம், கழுத்தில் தொங்க ஒரு தகடு, வருடா வருடம் ஒரு கட்டணம். எனக்கு இந்த நாட்டில் நிரந்தர வதிவிட அனுமதி கிடைக்க ஆறு வருடமும் பதினேழு படிவங்களும் தேவைப்பட்டன. நாய்க்கு ஒரே படிவம், பத்து நிமிடம். அந்த நாய்ப் பதிவேடு இருக்கும் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களில் நானும் ஒருவன்.

அன்று ஒருவர் தன் நாய் செத்துவிட்டதாக அறிவித்திருந்தார். அதைப் பதிய வேண்டியவர் லீவு. "நான் போடுகிறேன்" என்று எழும்பிய ஆள் நான். நிலை என்ற கட்டத்தில் 'இறந்தது' என்று போடும்படி கட்டளை எழுதினேன். எந்த நாய்க்கு என்று சொல்லும் அரை வரியை எழுத மறந்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன். இயந்திரத்துக்குச் சந்தேகம் கேட்கும் பழக்கம் இல்லை. நகரத்தின் அத்தனை நாய்களையும் ஒரு விநாடிக்குள் முடித்துவிட்டு, வேலை சரி என்று அடக்கமாக அறிவித்தது.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரியாமல் அமுக்கியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒரு சின்ன நிரலை எழுதித் தரவுத்தளத்துக்குள் பொருத்தியிருந்தேன். ஒரு நாயின் நிலை 'இறந்தது' என்று மாறினால் உரிமையாளருக்கு ஓர் இரங்கல் கடிதம் தானாகவே அச்சாகும். "உங்கள் நாயின் மறைவு குறித்து வருந்துகிறோம். கழுத்துத் தகட்டை இரண்டு கிழமைக்குள் திருப்பி ஒப்படைக்கவும்." அந்த நிரலுக்காக எனக்குக் கைகுலுக்கல் கூடக் கிடைத்தது. அன்று அது தன் கடமையை ஒரு பிழையும் இல்லாமல் செய்தது. நான் விழித்துக்கொள்ள முன் பாதிக் கடிதங்கள் தபாலுக்குப் போய்விட்டன.

இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் குறிப்பிட்ட தவறைச் செய்யாமல் இருப்பது எப்படி என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை வகுப்பெடுப்பவன் நான்.

2

பிற்பகல் மூன்று மணிக்குள் பழைய பிரதியிலிருந்து எல்லா நாய்களையும் உயிர்ப்பித்துவிட்டோம். கடிதங்களை உயிர்ப்பிக்கவும் முடியவில்லை, சாகடிக்கவும் முடியவில்லை. மேலதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பதற்றம் வந்தால் என் ஜேர்மன் மொழி பதினைந்து வருடம் பின்னால் ஓடிவிடும். "நாய்களைத் தவறுதலாக இறந்ததாகப் பதிந்துவிட்டேன்" என்று சொல்லப் போய், "நாய்களை நான்தான் கொன்றேன், எல்லாவற்றையும்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் சற்று நேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை முதல் மக்கள் வரத் தொடங்கினார்கள். பலர் நாயையும் கூட்டிக்கொண்டே வந்தார்கள். நகரசபை வரவேற்பறையில் வாலாட்டும் அத்தாட்சிகள் வரிசையாக நின்றன. நான் ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். பெரும்பாலானவை மன்னித்தன.

கடைசியில் வந்த கிழவியிடம் நாய் இல்லை. ஒரு கையில் தோல் வார், மறு கையில் என் இரங்கல் கடிதம்.

"எங்கள் தவறு, அம்மா. உங்கள் நாய் உயிரோடுதான் இருக்கிறது" என்றேன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

மூன்று வருடத்துக்கு முன் புதுவருட வெடிச் சத்தத்துக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிய நாயாம். திரும்பவில்லை. அவர் வருடா வருடம் கட்டணத்தைக் கட்டிக்கொண்டேயிருக்கிறார். கட்டணம் கட்டாவிட்டால் பதிவிலிருந்து எடுத்துவிடுவோம் என்பது அவருக்குத் தெரியும். அவர் கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

"நான் கேட்பது ஒன்றுதான். செத்துவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

நான் கடிதத்தை எடுத்து, மடித்து, மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

3

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். இருவருக்கும் அவரவர் கௌரவம். பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் அவளுக்கும் தரவுத்தளப் பாடம்.

"ஒவ்வொரு பதிவாகப் போய்ப் பார்த்திருந்தால் முதல் நாயிலேயே பிடிபட்டிருக்குமே" என்றாள். பிறகு அவளே, "ஆனால் அப்படிச் செய்வது முட்டாள்தனம் என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் முடிக்க வேண்டுமாம்" என்றாள்.

"உன்ட ஆசிரியருக்குத் தவமணியைத் தெரியாது" என்றேன்.

"யார் தவமணி?" அதைத் தமிழில் கேட்டாள்.

பதினாறு வருடமாக அந்தப் பெயரை என் வீட்டில் சொல்லியிராதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழவிக்குச் சொல்லாத பதிலையும் மகளுக்குச் சொல்லாத கதையையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சுனாமியின் ஆண்டு நினைவும் இந்த மாதம்தான் வருகிறது.

4

சுனாமி வந்து சில மாதங்களில், மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் ஒரு மாடிக் கட்டடத்தில் நிவாரண நிறுவனம் ஒன்று தரவுத்தளப் பிரிவு திறந்தது. பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் அங்கே வீதிக்கு ஒரு நிறுவனம், நிறுவனத்துக்கு ஒரு வெள்ளை வாகனம். முகாம்கள், ஆஸ்பத்திரிகள், கிராமங்கள் எல்லாம் தனித்தனியாக எழுதிய பட்டியல்களை ஒன்றாக்கி, யார் இருக்கிறார், யார் இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. விண்ணப்பத்தில் 'தரவுத்தள நிரலாக்கம் தெரியும்' என்று எழுதினேன். எனக்குத் தெரிந்திருந்தது அந்தச் சொற்றொடர் மட்டும்தான்.

என்னோடு எடுக்கப்பட்டவள் தவமணி. கூட்டுறவுச் சங்கத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். என்னிலும் ஒரு வயது இளையவள். விண்ணப்பத்தில் 'தெரியாது, படிப்பேன்' என்று எழுதியிருந்தாளாம். பொய் சொன்னவனுக்கும் உண்மை சொன்னவளுக்கும் ஒரே சம்பளம்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தவமணியின் வீடு நாவலடியில் இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் அந்த மணல் நாக்கில். சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை தாய் களுவாஞ்சிக்குடியில் பெரியம்மா வீட்டில் நின்றார். தவமணி புளியந்தீவில் கொம்பியூட்டர் வகுப்பில் இருந்தாள். வீட்டில் இருந்தது அக்கா புவனேஸ்வரி மட்டும். வீடு இருந்த இடமும் பிறகு தெரியவில்லை, அக்காவும் கிடைக்கவில்லை. தாயும் மகளும் களுவாஞ்சிக்குடியிலேயே தங்கிவிட்டார்கள். தவமணி தினம் பஸ்ஸில் வந்தாள். எல்லாப் பட்டியல்களும் ஓரிடத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டுத்தான் அந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கற்றுத்தர வந்த வெளிநாட்டு நிபுணர் நாலு நாள் நின்றார். அட்டவணைகளை வடிவமைத்தார், கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுத்தார், போய்விட்டார். போகும்போது தன் கைநூலைப் போட்டோகொப்பி எடுத்துக்கொள்ள ஒரு பின்னேரம் தந்தார். ஐந்நூறு பக்கம், இரு பக்கமும் அச்சிட்ட தனித்தாள்கள். தாள்களை இயந்திரத்தில் வைத்துவிட்டு நான் பிளேன்ரீ குடிக்கப் போனேன். இயந்திரம் தாள்களின் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறது. அவர் விமானம் ஏறிய பிறகுதான் பார்த்தோம். எங்களிடம் இருந்தது 1, 3, 5, 7.

"இரட்டைப் பக்கமெல்லாம் எங்க அண்ணன்?" என்றாள் தவமணி.

"மறந்துபோச்சு."

"அப்ப ஒத்தைப் பக்கம் அவர் எழுதினது, இரட்டைப் பக்கம் நம்ம எழுத விட்டது எண்டு நினைச்சிக்கிட்டு வாசிப்பம்" என்றாள். அன்று முதல் அவள் என்னை எதற்கும் நம்பவில்லை. அது எங்கள் பிரிவுக்கு மிகவும் நல்லதாகப் போயிற்று.

பாதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைப் படிப்பது எப்படி என்று நான் அவளிடம்தான் பார்த்தேன். ஒற்றைப் பக்கம் முடியும் இடத்தில் வாக்கியம் அரைகுறையாக நிற்கும். அவள் மீதியை ஊகித்து எழுதி இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பாள். அது ஏசும். மாற்றுவாள். மறுகா ஏசும். ஏசாமல் விட்டதும், அந்தப் பக்கத்தைத் தன் சொற்களில் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி, மேலே பக்க இலக்கம் போடுவாள். 2, 4, 6. எட்டு மாதத்தில் அந்தக் கொப்பி நிறைந்தது. பல வருடம் கழித்து முழு நூலையும் நான் இங்கே வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். சில பக்கங்களில் நூலாசிரியரைவிட அவள் தெளிவு.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பெரிய பதிவேட்டில் அடிமட்ட அளவுகோலை வைத்து, ஒரு பெயரைப் பார்த்து, கீழே இறக்கி, அடுத்த பெயரைப் பார்ப்போமே, அதையே இயந்திரத்தைக் கொண்டு செய்விக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் நின்று, 'இப்படியிருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று சொல்லிக்கொண்டு போகலாம். அதற்குப் பெயர் லூப். தேடிய பெயர் கிடைக்காவிட்டால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்; எங்கள் பேச்சில் 'விழும்'. அதைப் பற்றிச் சொல்லும் 211ஆம் பக்கம், "எதுவும் கிடைக்காத நிலையில்" என்ற சொற்களோடு முடிந்துவிட்டது. மீதி 212இல்.

தவமணியின் கொப்பியில் 212ஆம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "ஒண்டும் கிடைக்காட்டி புரோகிராம் விழும். விழாம அடுத்த பேருக்குப் போறதுக்கு இப்பிடி எழுதணும்."

அந்தப் பக்கத்துக்கு அவளுக்குப் பதினொரு நாள் எடுத்தது. பரீட்சித்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஒரே பெயரைத்தான் அடிப்பாள்: புவனேஸ்வரி. நிரல் விழும். திருத்துவாள். மீண்டும் புவனேஸ்வரி. நான் பகிடி விட்டேன்.

"உலகத்தில வேற பேரே இல்லையா புள்ள?"

"அடிச்சுப் பழகின பேர்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் வாழ்நாளில் நான் விட்ட பகிடிகளில் திரும்பப் பெற விரும்புவது அது ஒன்றைத்தான்.

5

பட்டியல்களை ஒன்றாக்குவது லேசாக இருக்கவில்லை. நிபுணரின் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. எங்கள் ஆட்களுக்கு அது ஏது? ஒரு பெண் ஒரு முகாமில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு இருப்பாள், இன்னொன்றில் புருஷன் பெயரோடு, மூன்றாவதில் அயலவர் சொல்லிக் கொடுத்த வீட்டுப் பெயரோடு. ஒருத்தியே மூன்று பேர். நான் நிபுணருக்கு மின்னஞ்சல் எழுதி ஆலோசனை கேட்டேன். பதில் வர முன் தவமணி அட்டவணையில் இரண்டு கட்டங்களைக் கூட்டிவிட்டாள். தாயின் பெயர் ஒன்று, குடி மற்றது.

மட்டக்களப்பார் அல்லாத வாசகருக்கு: எங்களில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. இலட்சம் பேர் இருந்தாலும் கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் பூசை என்று பிசகாமல் சொல்வார்கள். தன் அடையாள அட்டை இலக்கம் தெரியாத ஆளுக்கும் தாயின் குடி தெரியும்.

"அப்பன்ட பேர ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க அண்ணன். குடிய மாத்தி ஒருத்தரும் சொல்லமாட்டாங்க" என்றாள்.

முதல் ஓட்டத்திலேயே சாமித்தம்பி அகப்பட்டார். வாழைச்சேனைப் பக்கத்து மீனவர். ஒரு பட்டியலில் இறந்தவர், இன்னொன்றில் முகாமில் அரிசி சரியில்லை என்று மூன்று முறைப்பாடு கொடுத்தவர். தாய் பெயரும் குடியும் ஒன்று. ஆளை வரவழைத்தோம். மேசைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"நான் செத்தா எனக்குத்தானே புள்ள முதல்ல சொல்லணும்?"

"அதுக்குத்தான் அப்பச்சி கூப்பிட்டம்" என்றாள் தவமணி. "இப்ப உங்கள எழுப்பியாச்சு. போய்ச் சாப்பிடுங்க."

"அந்த அரிசியையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்படி இன்னும் சிலர் எழும்பினார்கள். பிரிந்துபோயிருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் தவமணி எழுந்து யன்னலுக்குப் போய், வாவியைப் பார்த்து நின்றுவிட்டு வந்து மீண்டும் உட்காருவாள். பிறகு பழகின பெயரை ஒரு முறை அடிப்பாள். இப்போது நிரல் விழவில்லை. அடுத்த பெயருக்குப் போனது.

6

இரண்டாம் வருட நடுவில் கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. திட்டத்தை மூட வேண்டும். நிதி தந்தவர்களின் அறிக்கையில் நிலை என்ற கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது. 'இருக்கிறார்', 'இடம்பெயர்ந்தார்', 'இறந்தார்' என்ற மூன்றில் ஒன்று வேண்டும். ஒன்றும் தெரியாதவர்கள் அனைவரையும் 'இறந்தார்' என்று போடச் சொல்லி மனேஜர் எங்களிடம் கடிதத்தைத் தந்தார்.

"ஒரே கட்டளை. அஞ்சு நிமிஷ வேலை" என்றேன் நான். சொன்னபடி எழுதியும் விட்டேன். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

தவமணி வந்து விசைப்பலகையின் மேல் தன் சி.ஆர். கொப்பியை வைத்தாள். விரல் வைக்க இடமில்லை.

"பொறுங்க அண்ணன். லூப் போடுவம். ஒவ்வொரு பேரா நிண்டு, வீட்டாக்களிட்டக் கேட்டுப் போடுவம்."

"எழுநூறுக்கு மேல இருக்கு."

"இரிக்கட்டும்."

மனேஜரிடம் அவளே போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். சாமித்தம்பியின் கதையை எடுத்து வைத்தாள். "ஒரேயடியாப் போட்டு, நாளைக்கு இன்னொரு சாமித்தம்பி வந்து வாசல்ல நிண்டா, சேர்ட கையெழுத்துத்தான் கடிதத்தில இரிக்கும்" என்றாள். மனேஜர் நல்ல மனிதர், தன் கையெழுத்தின்மேல் மிகுந்த மதிப்புள்ளவர். மூன்று மாதம் தந்தார்.

அவள் எழுதிய நிரல் வெறுங் கட்டமுள்ள ஒவ்வொரு பதிவிலும் நின்று ஒரு துண்டை அச்சிட்டது. பெயர், தாய், குடி, கடைசியாகக் கண்ட இடம். 'இறந்தார்' என்று எழுதவா என்று கேட்டு, கீழே இரண்டு சதுரம்: 'எழுதலாம்', 'விடுங்க'. எந்தப் படிவத்திலும் 'விடுங்க' என்ற சொல்லுக்குச் சதுரம் வைத்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. வடக்குப் பக்கம் எனக்கு, தெற்கு அவளுக்கு.

மோட்டார் சைக்கிளில் துண்டுகளோடு போனேன். வாழைச்சேனையில் கடதாசி ஆலைக்குக் கிட்ட ஒரு தகப்பன், துண்டை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "எழுதுங்க தம்பி. சின்னவளுக்குச் சான்றிதழ் ஒண்டு தேவையாக் கிடக்கு" என்றார். என் பேனையை வாங்கி அவரே அடையாளம் போட்டார். அடுத்த வளவில் ஒரு தாய் துண்டைத் தொடவே இல்லை. "விடுங்க. வந்தாளெண்டா என்னோட கோவிப்பாள்" என்றார். பெரும்பாலானவர்கள் எழுதச் சொன்னார்கள். அழுது சொன்னவர்களும் உண்டு, தேத்தண்ணி தந்து சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் யாராவது வந்து கேட்க வேண்டியிருந்திருக்கிறது. கேட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஐந்து நிமிட வேலை என்று நான் சொன்னது காதில் விழும்.

கடைசிக் கிழமை தவமணி தன் அடுக்கிலிருந்து ஒரு துண்டை என் பக்கம் தள்ளினாள்.

"இத நீங்க கேளுங்க. என்னால கேக்க ஏலா."

வாசித்தேன். புவனேஸ்வரி. தாயின் பெயர் தவமணியின் தாயின் பெயர். குடி அவள் குடி. கடைசியாகக் கண்ட இடம் நாவலடி. பதினொரு நாள் விழுந்து விழுந்து எழும்பிய அந்தப் பெயர்.

பகிடி விட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையால் வேண்டாம் என்று காட்டினாள். "மத்தாக்களிட்டக் கேட்ட மாதிரிக் கேளுங்க."

எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், வீட்டுக்காரர் முன் நிற்பது போல அவள் முன் நின்றேன். "புவனேஸ்வரி எண்டவங்களப் பத்தி ஏதும் தகவல் இருக்குதா?"

"இல்ல."

"எழுதலாமா, விடவா?"

"விடுங்க" என்றாள்.

சதுரத்தில் அடையாளம் போட்டேன். அவள் துண்டை வாங்கி மற்றத் துண்டுகளோடு அடுக்கி, விளிம்புகளைத் தட்டிச் சமப்படுத்தினாள்.

எழுநூறுக்கு மேல் இருந்ததில் நாற்பத்து மூன்று கட்டங்கள் வெறுமையாக மிஞ்சின. மனேஜர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். நாற்பத்து மூன்று வீட்டார் அடையாளமிட்ட துண்டுகளையும் பார்த்தார். ஒரு நாள் யோசித்துவிட்டு, கொழும்போடு கதைத்து நாலாவது சொல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கினார்: 'தகவல் இல்லை'.

7

அந்தத் திட்டம் மூடியும் தவமணிக்கு வேலை தீரவில்லை. போர் மறுபடி மூண்டு வாகரைப் பக்கத்துச் சனம் நடந்தும் வள்ளத்திலும் வந்து சேர்ந்தபோது, அதே நிரல், அதே குடிக் கட்டம் இன்னொரு நிறுவனத்தில் ஓடியது. நான் அதற்குள் கலியாணம் கட்டிப் புறப்பட்டுவிட்டேன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். என் பெண் வீடு ஜேர்மனியில் இருந்தது, அவ்வளவுதான்.

போர் முடிந்ததை இங்கே தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் சொன்னார்கள். அடுத்தது காற்பந்துச் செய்தி. நான் அப்போது மொழி வகுப்பில் மேசை என்ற ஜேர்மன் சொல் ஆண்பாலா பெண்பாலா என்று படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை தவமணியிடமிருந்து இரண்டு வரி வந்தது. "அண்ணன், திரும்பவும் பட்டியல் வருது. லூப் இன்னும் ஓடுது." வடக்கே நடந்த போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து அவளிடம் வந்துகொண்டிருந்தார்கள். நாலாவது சொல் எத்தனை தரம் தேவைப்பட்டது என்று அவள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே என் மேசைக்குப் பின்னால் சான்றிதழ்கள் ஐந்து தொங்குகின்றன. ஒரே கட்டளையில் இலட்சம் பதிவுகளை மாற்றும் வித்தை தெரியும். அதை வேகமாகச் செய்வதற்கு மேலதிகச் சம்பளமும் தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பதிவிலும் ஓர் ஆள் இருக்கிறார், நின்று கேட்டுவிட்டுத்தான் கடந்து போக வேண்டும் என்று எனக்குக் காட்டிய ஒரே ஆள், பாதிப் புத்தகம் படித்த ஒரு தட்டெழுத்தாளர். அதை மறந்த அன்றுதான் மூவாயிரம் நாய்கள் செத்தன.

நாயையும் மனிதரையும் ஒப்பிடுவது தவறுதான். அந்தக் கிழவி தோல் வாரோடு நின்றபோது நான் ஒப்பிடவில்லை, நினைவு தானாக வந்தது. அடுத்த நாள் மேலதிகாரியிடம் போய், பதற்றப்படாமல், ஆண்பால் பெண்பால் பிசகாமல், நாய்ப் பதிவேட்டின் நிலைக் கட்டத்தில் இன்னொரு சொல் வேண்டும் என்று கேட்டேன். அதற்கு ஒரு படிவம் இருந்தது. நிரப்பினேன். இப்போது எங்கள் நகரத்தில் ஒரேயொரு நாயின் நிலை 'தகவல் இல்லை'. கட்டணமும் அறவிடப்படுவதில்லை. கிழவிக்குக் கடிதத்தை இயந்திரத்தைக் கொண்டு எழுதுவிக்காமல் கையால் எழுதினேன். மகள் திருத்தினாள், ஒன்பது பிழை. பிறகு, நான் சொன்ன தவமணி கதையைக் கேட்டு முடித்துவிட்டு, "அந்தக் கொப்பியை நான் பார்க்கலாமா?" என்று கேட்டாள். என்னிடம் இருக்கும் போட்டோகொப்பியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் எடுத்தது.

8

அக்காவின் பெயர் வருவதால், இதை அனுப்ப முன் தவமணிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இப்போது களுவாஞ்சிக்குடியில் ஓர் அலுவலகத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறாள். மதிய இடைவேளை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கடைசிவரை கேட்டாள். பேர் இருக்கட்டும் என்றாள். அக்காவின் கட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றாள். ஒவ்வொரு ஆளிடமும் நின்று கேட்க வேண்டும் என்று அவளுக்கு அந்த வயதில் எப்படித் தோன்றியது, அதைத்தான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை என்றேன்.

"அதில விளங்க என்ன இரிக்கி அண்ணன்?" என்றாள் தவமணி. "அக்காட கட்டம் மட்டும் வெறுமையாக் கிடந்தா மனேஜர்ட கண்ணில பட்டிரும். கூட்டத்தோட கூட்டமா நிக்கட்டும் எண்டு ஆள் சேக்கத்தான் போனன்."